தனுஷ்கோடிக்குப் போய்வந்த பிறகு எழுந்த கேள்விகள்: புயல், உயரும் கடல், தீவுகள்

தர்மபுரிக்குப் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் புவியியல் பாடம் நடத்துகிறேன். சென்ற ஆண்டு பிள்ளைகளை ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் அழைத்துப் போனோம். பாதிப் பேர் அன்றுதான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தார்கள். திரும்பும்போது பஸ்ஸில் தொடங்கிய கேள்விகள் வகுப்பறை, பெற்றோர் கூட்டம், டீக்கடை என்று இன்னும் ஓயவில்லை. அடிக்கடி கேட்கப்பட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நம் மாவட்டத்தில் கடலே இல்லை. நமக்கு எதற்கு இந்தப் பாடம்?

தர்மபுரி ரயில் நிலையத்தின் மஞ்சள் பலகையை அடுத்த முறை நின்று படியுங்கள். ஊர்ப் பெயரோடு கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்றும் எழுதியிருக்கும். நாம் 400 மீட்டருக்கும் மேலே இருக்கிறோம். ஓசூர்க்காரர்கள் 800-க்கும் மேலே. கடல் இங்கே ஏறி வரப்போவதில்லை.

ஆனால் நாம் கடலுக்குப் போகிறோம். தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் திதி கொடுக்க ராமேஸ்வரம் போகிறோம். சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் பலர் கார்த்திகை, மார்கழியில் ராமேஸ்வரம் வழியாகத்தான் திரும்புகிறார்கள். அது வங்கக் கடலில் புயல் பிறக்கும் காலம். நம் பிள்ளைகள் மாலத்தீவு ஓட்டல்களிலும் அந்தமானிலும் வேலை பார்க்கிறார்கள். மீனவர் வீட்டுப் பிள்ளைக்குக் கடலின் நிறத்தைப் பார்த்தே சேதி தெரியும். நம் பிள்ளைக்குத் தெரியாது. அதனால்தான் இந்தப் பாடத்தை நான் விடாமல் நடத்துகிறேன்.

செய்தியில் 'புயல் அலை' என்கிறார்களே, அது சுனாமிதானா?

இல்லை. சுனாமி கடலடி நிலநடுக்கத்தால் வருவது. காற்றுக்கும் அதற்கும் தொடர்பில்லை. புயல் அலை என்பது காற்று கடல்நீரைத் தள்ளிக்கொண்டு வந்து கரைமேல் குவிப்பது. அலை என்ற சொல்லே இதற்குப் பொருந்தவில்லை என்பது என் எண்ணம். ஓர் அலை வந்து அடித்துவிட்டுத் திரும்பிவிடும். இது அப்படியில்லை. கடலே மட்டம் உயர்ந்து ஊருக்குள் வந்து மணிக்கணக்கில் நிற்கும். அந்த உயர்ந்த நீரின் மேல் அலைகள் தனியாக அடிக்கும். 'புயல் பெருக்கு' என்றால் சரியாக இருக்கும். இந்தப் பக்கத்தில் அப்படியே எழுதுகிறேன்.

சொல்லுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று ஓர் ஆசிரிய நண்பர் கேட்டார். வேண்டும். 2013 நவம்பர் 8 அன்று ஹையான் புயல் பிலிப்பைன்ஸைத் தாக்கியது. லெய்த்தே தீவின் தக்லோபன் நகருக்குள் ஐந்து மீட்டருக்கும் மேல் கடல் புகுந்தது. நாடு முழுவதும் 6,300 பேர் இறந்தார்கள். எச்சரிக்கை முன்கூட்டியே கொடுக்கப்பட்டிருந்தது. ஆனால் அதில் இருந்த 'ஸ்டார்ம் சர்ஜ்' என்ற ஆங்கிலச் சொல் மக்களுக்குப் பிடிபடவில்லை. சுனாமி என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்று பிழைத்தவர்கள் பலர் பிறகு சொன்னார்கள். காற்றுக்குப் பயந்து கெட்டியான கட்டடங்களின் தரைத்தளத்தில் ஒதுங்கியவர்களைத் தண்ணீர் கொண்டுபோனது.

காற்று எப்படிக் கடலைத் தூக்கும்?

ஆடி மாதத்தில் ராமக்காள் ஏரிக்கரையில் போய் நில்லுங்கள். மேற்கிலிருந்து காற்று ஊதும்போது ஆகாயத்தாமரை முழுவதும் ஒரே கரையில் ஒதுங்கிக் கிடக்கும். அந்தக் கரையில் தண்ணீர் சளசளவென்று கல்லில் மோதும். தாமரை மட்டும் நகரவில்லை, தண்ணீரும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. ஒரு சிறிய ஏரியில் சாதாரணக் காற்று செய்யும் வேலை இது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடற்பரப்பில், மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில், ஒரு நாள் முழுவதும் அதே வேலை நடந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

வகுப்பில் இதை ஒரு தாம்பாளமும் ஒரு வாளியும் வைத்துக் காட்டுகிறேன். தாம்பாளத்தில் இரண்டு விரல்கடை தண்ணீர் ஊற்றி மேசை விசிறியைப் பக்கத்தில் வைத்தால், தண்ணீர் எதிர் விளிம்புக்கு ஓடிச் சட்டென்று வழிந்துவிடும். வாளியில் அப்படி வழிவதில்லை. மேலே தள்ளப்பட்ட நீர் அடிவழியாகத் திரும்பி வந்துவிடுகிறது. ஆழமில்லாத கடலில் புயல் பெருக்கு ஏன் அவ்வளவு உயருகிறது என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தெரியவில்லை. பாக் விரிகுடாவின் சராசரி ஆழம் பத்து மீட்டர்கூட இல்லை. கடல்களில் அது ஒரு தாம்பாளம். வங்கக் கடலின் வடமுனையும் அப்படித்தான்.

இன்னும் மூன்று காரணங்கள் சேர்ந்துகொள்ளும். புயலின் நடுவில் காற்றழுத்தம் குறைவதால் கடல் சற்று மேலே எழும்பும். ஒரு மில்லிபார் குறைந்தால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். கடும் புயலில் இது மட்டுமே அரை மீட்டரைத் தாண்டும். அடுத்தது புயலின் எந்தப் பக்கம் நாம் இருக்கிறோம் என்பது. நம் பகுதியில் புயல் இடஞ்சுழியாகச் சுற்றும். ஆகவே அது போகும் திசைக்கு வலப்பக்கம் இருக்கும் கரையில்தான் நீர் குவியும். மூன்றாவது ஓதம், அதாவது கடல் நாள்தோறும் ஏறி இறங்குவது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏற்றம் கூடுதலாக இருக்கும். அந்த நேரத்தில் புயல் கரையேறினால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். 1970 நவம்பர் 12 இரவு போலா தீவிலும் மேக்னா ஆற்றின் கழிமுகத் தீவுகளிலும் நடந்தது அதுதான். இன்றைய வங்கதேசத்தில் அந்த ஓர் இரவில் மூன்று லட்சத்துக்கும் குறையாத மக்கள் இறந்தார்கள். இந்த எண்ணை வகுப்பில் சொல்லும்போது ஒவ்வோர் ஆண்டும் என் குரல் தடுமாறுகிறது.

தனுஷ்கோடியில் உண்மையில் என்ன நடந்தது?

1964 டிசம்பர் 22 நள்ளிரவு. மார்கழி முதல் வாரம். இலங்கையைக் கடந்து வந்த புயல் பாம்பன் பக்கம் திரும்பியது. ஏழு மீட்டர் வரை நீர் எழுந்ததாகக் கணக்கு. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன 653-ஆம் எண் பயணிகள் ரயில், நிலையத்துக்குச் சற்று முன்னால் கடலில் அடித்துச் செல்லப்பட்டது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. புயலில் இறந்தவர்கள் மொத்தம் 1,800 பேர் என்று சொல்லப்படுகிறது. தலைமன்னாருக்குக் கப்பல் போன துறைமுக ஊர், ரயில் நிலையம், தபால் நிலையம், சுங்க அலுவலகம், பள்ளிக்கூடம் எல்லாம் இருந்த ஊர், வாழத் தகுதியற்ற இடம் என்று அரசே அறிவிக்கும் நிலைக்கு வந்தது.

இடிந்த தேவாலயச் சுவரைப் பிள்ளைகள் தொட்டுப் பார்த்தார்கள். நம் ஊர்க் கருங்கல் போல அது வழுவழுப்பாக இல்லை. தேன்கூடு போலத் துளைத்துளையாக, சில இடங்களில் பூப்பூவாக இருந்தது. அது பவளக்கல். கடலுக்கடியில் உயிரோடு இருந்த பாறையை வெட்டி எடுத்துக் கட்டிய சுவர். பென்னாகரம் பக்கத்து மாணவி ஒருத்தி, "சார், இந்தக் கல் கடலிலேயே இருந்திருந்தால் அலையைத் தடுத்திருக்குமா?" என்று கேட்டாள். நான் அன்று பாடத்தில் சொல்லாத விஷயம் அது. பதில் கீழே வருகிறது.

எல்லாத் தீவுகளுக்கும் ஒரே அளவு ஆபத்தா?

இல்லை. ஆழமற்ற கடல் சூழ்ந்த தீவுகளில் புயல் பெருக்கு மிக உயரும். நடுக்கடலில் செங்குத்தாக எழும் பவளத்தீவுகளில் அந்த அளவு உயராது. ஆனால் அங்கே பெரிய அலைகள் கரைவரை வலுக்குறையாமல் வந்து மோதும். நிலத்தின் உயரமே ஒன்றிரண்டு மீட்டர்தான் என்பதால் அதுவே போதும். நிலநடுக்கோட்டை ஒட்டிய தீவுகளுக்குப் புயல் அரிது. புயல் சுழல்வதற்குப் பூமியின் சுழற்சி தரும் உந்துதல் அங்கே இல்லை.

என் மகன் மாலத்தீவில் ஓட்டல் வேலையில் இருக்கிறான். புயல் செய்தி வந்தாலே எனக்குத் தூக்கம் போய்விடுகிறது.

காரிமங்கலத்தைச் சேர்ந்த ஓர் அம்மா கேட்டது. அம்மா, முதலில் ஆறுதலான செய்தி: வங்கக் கடலில் உருவாகிச் சென்னைக்கோ கடலூருக்கோ வரும் புயல் உங்கள் மகனைத் தொடாது. மாலே நகரம் நிலநடுக்கோட்டிலிருந்து நான்கு பாகை வடக்கே இருக்கிறது. கடும்புயல் நேரடியாக வருவது அங்கே அபூர்வம்.

அங்குள்ள ஆபத்து வேறு விதமானது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் தென்கடலில் வீசும் காற்று எழுப்பும் நெடிய அலைகள், வானம் தெளிவாக இருக்கும் நாளில் வந்து தீவுக்குள் ஏறும். 1987 ஏப்ரலில் தலைநகர் மாலே அப்படித்தான் வெள்ளக்காடானது. அதன் பிறகு ஜப்பானின் உதவியோடு நகரைச் சுற்றி அலைத்தடுப்புகள் கட்டினார்கள்; நாலு கால் கான்கிரீட் கட்டிகளை மகன் படம் எடுத்து அனுப்பியிருப்பார். பக்கத்தில் ஹுல்ஹுமாலே என்ற தீவையே மணல் கொட்டி, மற்றத் தீவுகளைவிட உயரமாக, ஏறத்தாழ இரண்டு மீட்டருக்கு எழுப்பியிருக்கிறார்கள். அந்த நாட்டின் நிலத்தில் 80 சதவீதம் ஒரு மீட்டர் உயரம்கூட இல்லை.

மகனிடம் மூன்று கேள்வி கேளுங்கள். தங்கும் அறை எந்தத் தளத்தில் இருக்கிறது? தீவில் இரண்டு மாடிக் கட்டடம் எங்கே இருக்கிறது? எச்சரிக்கை வந்தால் தொழிலாளர்கள் எங்கே கூட வேண்டும் என்று யாராவது காட்டியிருக்கிறார்களா? மூன்றாவதுக்குப் பதில் இல்லையென்றால், மேலாளரிடம் கேட்கச் சொல்லுங்கள். கேட்பதில் தவறில்லை.

கடல் மட்டம் உயருகிறது என்பது நிஜமா? எவ்வளவு?

நிஜம். 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. 2006-க்குப் பிறகு ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் என்ற வேகம். முன்பைவிட இது அதிகம். இந்த நூற்றாண்டின் முடிவில், கரிவாயுவை உலகம் கடுமையாகக் குறைத்தால் 28 முதல் 55 சென்டிமீட்டர், குறைக்காமல் பெருக்கிக்கொண்டே போனால் 63 சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை உயரலாம் என்பது ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு 2021-இல் சொன்ன கணக்கு.

பனி உருகுவதுதான் காரணமா?

பாதி. நிலத்தின்மேல் கிடக்கும் பனி உருகிக் கடலில் சேர்வது ஒன்று. கடல்நீர் சூடேறி விரிவது இன்னொன்று. வண்டியில் விளிம்பு வரை பெட்ரோல் போட்டு வெயிலில் நிறுத்தினால் கசிகிறதே, அதுபோல. மிதக்கும் பனி உருகினால் மட்டம் உயராது. டம்ளரில் ஐஸ் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

இருபது சென்டிமீட்டர் ஒரு சாண் அளவுதானே? அதற்கா இத்தனை பதற்றம்?

இதை ஒரு விவசாயி கேட்டார். அவருக்கு அவருடைய ஏரியைக் கொண்டே பதில் சொன்னேன். ஏரி பாதி நிறைந்திருக்கும்போது ஒரு கனமழை பெய்தால் யாருக்கும் கவலையில்லை. நிறைந்து கோடி போக, அதாவது வழிந்தோட, ஒரு சாண் இருக்கும்போது அதே மழை பெய்தால் இரவெல்லாம் கரையில் காவல் இருப்போம். மழை ஒன்றுதான், ஏரி நின்ற மட்டம் வேறு. கடலில் நடப்பதும் அதுவே. போன தலைமுறையில் கரையைத் தொட்டுத் திரும்பிய ஓதம், இப்போது ஒரு சாண் மேலிருந்து கிளம்புகிறது. நூறு ஆண்டுக்கு ஒருமுறை கண்ட கடல் ஏற்றம், 2100-க்குள் கடல்மட்டம் அளக்கும் நிலையங்களில் பாதிக்கு மேற்பட்ட இடங்களில் ஆண்டுதோறும் வரும் என்கிறது அதே குழு. வெப்பமண்டலத் தீவுகளில் இது முன்னதாகவே வரும்.

விவசாயி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அவர்களுக்குக் கரையை உயர்த்த மண் வேண்டுமே, தீவில் மண்ணுக்கு எங்கே போவார்கள்?" என்று கேட்டார்.

அப்படியானால் தீவுகள் எல்லாம் மூழ்கிவிடுமா?

இதில் அவசரப்பட்டு ஆம் என்று சொல்லக் கூடாது. பசிபிக்கில் உள்ள துவாலுவின் 101 தீவுகளை 1971 முதல் 2014 வரையிலான படங்களில் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள், மொத்த நிலப்பரப்பு 2.9 சதவீதம் கூடியிருப்பதைக் கண்டார்கள். பவளப்பாறை உயிரோடிருந்தால் உடைந்த பவளமும் சிப்பியும் மணலாகி அலையோடு வந்து கரையில் சேர்ந்துகொண்டே இருக்கும். தீவு நகரும், வடிவம் மாறும், சில பக்கம் வளரும். ஆனால் அந்தப் பாறை உயிரோடு இருக்க வேண்டும். கடல் சூடாவதால் பவளம் வெளுத்துச் சாகிறது என்பதுதான் கவலை. தீவு நீரின் மேல் தெரிவதும் அதில் மனிதர் வாழ முடிவதும் வேறு வேறு.

நம் தமிழ்நாட்டிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. முதல் குற்றவாளி உயரும் கடல் அல்ல. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் ஆண்டாண்டாகப் பவளப்பாறையை வெட்டி எடுத்ததுதான் முக்கியக் காரணம். தடுப்புப் போன பிறகு அலை மணலை வாரிக்கொண்டு போனது. தூத்துக்குடிக்கு அருகே வான்தீவும் கரைந்து கரைந்து ஒரு துண்டாகிவிட்ட நிலையில், 2015-க்குப் பிறகு செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கிக் காப்பாற்றப் பார்க்கிறார்கள்.

அந்த மாணவிக்கான பதிலும் இதுதான். பவளப்பாறைகள் கரையை நோக்கி வரும் அலையின் ஆற்றலில் சராசரியாக 97 சதவீதத்தை உடைத்துவிடுகின்றன. தனுஷ்கோடியின் அந்த இரவைப் பாறை முழுவதும் தடுத்திருக்காது, ஏனெனில் ஏழு மீட்டர் எழுந்த நீர் பாறைக்கு மேலே போய்விடும். அன்றாட அரிப்பையும் சிறு புயல்களையும் தடுத்திருக்கும். ஆமாம் அம்மா, கடலிலேயே இருந்திருக்க வேண்டிய கல்தான் அது.

தீவில் குடிக்கத் தண்ணீர் எப்படிக் கிடைக்கிறது?

இந்தக் கேள்விக்கு நம்மைவிட மதிப்புத் தெரிந்தவர்கள் யார்? கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளோரைடு கலந்து பல்லும் எலும்பும் பழுதான ஊர்கள் நம்முடையவை. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும்வரை நல்ல தண்ணீருக்குப் பட்ட பாடு பெரியவர்களைக் கேட்டால் தெரியும்.

தனுஷ்கோடியில் டீக்கடை வைத்திருந்த ஒரு பாட்டி, கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் மணலைக் கையாலேயே தோண்டினார். முழங்கை ஆழம் போனதும் நீர் கசிந்தது. கொட்டாங்குச்சியால் மொண்டு கலங்கல் தெளியவிட்டு, "குடிங்க சாமி" என்று நீட்டினார். உப்பில்லை. பிள்ளைகள் நம்பவே இல்லை, ஆளுக்கு ஒரு வாய் குடித்துப் பார்த்தார்கள். மழைநீர் மணலில் இறங்கி, எடை கூடிய உப்புநீரின் மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல நீர் நின்றால், கீழே நாற்பது அடி வரை நல்ல நீர் இருக்கும் என்பது பழைய கணக்கு. திருப்பியும் படிக்கலாம்: மேலே ஓர் அடி போனால் கீழே நாற்பது அடி போகும். புயல் பெருக்கு ஒருமுறை தீவின்மேல் ஏறி இறங்கினால் உப்பு அந்த வில்லைக்குள் இறங்கிவிடும். தெளிய மாதங்கள் ஆகும், சில இடங்களில் ஆண்டுகள். தென்னை வாடும், கிழங்கு அழுகும். நிலம் மூழ்கும் முன்பே ஒரு தீவைக் காலி செய்ய வைப்பது பெரும்பாலும் இந்தத் தண்ணீர்தான்.

ராமேஸ்வரம் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

நம் மாவட்டத்தில் ஒகேனக்கல் நீர்வரத்து எத்தனை கன அடி என்று காலையில் பேப்பரில் பார்க்காத வீடு குறைவு. வரத்து கூடிப் பரிசல் நிறுத்தப்பட்டால் யாரும் சண்டைக்குப் போவதில்லை. அதே பழக்கத்தைக் கடலுக்கும் கொண்டுவாருங்கள் என்பதே என் வேண்டுகோள்.

புயல் அறிவிப்பு வந்தால், எங்கே எப்போது கரையைக் கடக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். வழக்கமான ஓதத்துக்கு மேல் எத்தனை மீட்டர் நீர் எழும் என்று வானிலை ஆய்வு மையம் ஒரு வரி சொல்லும். அந்த வரியைத் தேடிப் படியுங்கள். கார்த்திகை, மார்கழியில் பாம்பன் துறைமுகத்தில் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்றால் பயணத்தை இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். சாமி காத்திருப்பார்.

புயலே இல்லாத நாளிலும் ஓர் ஆபத்து உண்டு. மாலத்தீவுக்குச் சொன்ன அதே நெடிய அலைகள், பங்குனி முதல் வைகாசி வரை நம் தென்கரைக்கும் வரும். கேரள மீனவர்கள் இதைக் கள்ளக்கடல் என்பார்கள். கள்ளன் போல ஓசையின்றி வருவதால் அந்தப் பெயர். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தபோது இந்த எச்சரிக்கை நடப்பில் இருந்தது. ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் சேவை மையம் இதை முன்கூட்டியே அறிவிக்கிறது. கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கடலுக்கு அனுப்பும் முன் அன்றைய அறிவிப்பைப் பாருங்கள். கரையில் நிற்கும் மீனவர் ஒருவரையும் கேளுங்கள். இறங்காதீர்கள் என்று அவர் சொன்னால் இறங்காதீர்கள்.

புயலால் நமக்கு நேரடி ஆபத்தே இல்லையா?

கடல்நீர் வராது. மழைநீர் வரும். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல், வலுவிழந்த பின் மேற்கே நகர்ந்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. ஏரி நிறைந்து வழிந்த வெள்ளம், நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் உருட்டிக்கொண்டு போனதை எல்லோரும் பார்த்தோம். கடற்கரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் ஊர் அது. சூடான கடல், சூடான காற்று என்றால் கூடுதல் ஈரம், கூடுதல் மழை.

ஊரே போய்விட்டால் அந்தத் தீவு மக்கள் எங்கே போவார்கள்?

சில ஏற்பாடுகள் தொடங்கிவிட்டன. கிரிபாட்டி நாடு 2014-இல் ஃபிஜியில் நிலம் வாங்கி வைத்தது. துவாலுவின் மக்கள்தொகை ஏறத்தாழ 11,000. ஆஸ்திரேலியாவோடு அது செய்த ஒப்பந்தம் 2024-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஆண்டுக்கு 280 பேர் அங்கே குடியேறலாம். நம் ஒன்றியம் ஒன்றின் மக்கள்தொகையைவிடச் சிறிய ஒரு நாடு, தன் மொழியோடும் கொடியோடும் எப்படித் தொடர்வது என்று இப்போதே பேசிக்கொண்டிருக்கிறது.

வகுப்பில் இதைச் சொன்னதும் நாகமரைப் பக்கத்துப் பையன் எழுந்து, "எங்கள் தாத்தாவின் அப்பா அப்படித்தான் சார் வந்தார்" என்றான். மேட்டூர் அணை கட்டி 1934-இல் நீர் தேக்கியபோது காவிரிக் கரையின் ஊர்கள் பல உள்ளே போயின. வீட்டையும் வயலையும் விட்டு மேட்டுக்கு வந்தவர்களின் கொள்ளுப்பேரன் கொள்ளுப்பேத்திகள் இன்று நம் வகுப்பில் இருக்கிறார்கள். அணையில் நீர் வற்றும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் பழைய நந்தி தலை காட்டும், தேவாலயக் கோபுரம் தெரியும். அவன் தாத்தா அவனைத் தோளில் வைத்துக்கொண்டு போய், தண்ணீருக்கு நடுவே விரலை நீட்டி, அங்கேதான் நம் வீடு என்று காட்டியிருக்கிறார். துவாலுப் பிள்ளைகளுக்கும் யாராவது இப்படிக் காட்டுவார்களா என்று அவன் கேட்டான். அன்று மணி அடித்த பிறகும் யாரும் வெளியே போகவில்லை.